கொழும்பில் எட்டு நாள்: பூஞ்சணம் பிடித்த கசற்றுகளும் ஒரு கார்க் கப்பலும்

பெப்ரவரி 7, 2025, வெள்ளி. வெள்ளவத்தை

கனடாவின் ஸ்காபரோவில் கார்க் கண்ணாடியில் பனி சுரண்டிவிட்டுப் புறப்பட்டவள், கட்டுநாயக்காவில் வெளியே வந்து நின்றதும் மூக்குக் கண்ணாடி புகார் பிடித்து ஒன்றும் தெரியவில்லை. அதிகாலை ஐந்து மணிக்கே அப்படியொரு ஈரக் காற்று. இரண்டு பெட்டியில் ஒன்று வரவில்லை. உடுப்புப் பெட்டி வராமல் போயிருந்தால் கவலைப்பட்டிருக்க மாட்டேன், கமெராவைத் தண்ணீருக்குள் கொண்டுபோகிற உறையும் இரண்டு லைற்றும் இருந்த பெட்டிதான் வழியில் எங்கோ நின்றுவிட்டது. கரும பீடத்தில் இருந்த பிள்ளை பொறுமையாக எல்லாம் எழுதி எடுத்து, திங்களுக்கிடையில் வந்துவிடும் அக்கா என்றாள்.

பெரியம்மா வீட்டில் இடியப்பமும் சொதியும் சம்பலும். தேங்காய் ஒன்று 220 ரூபாவாம், அதனால் சொதி தண்ணீராகத்தான் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு வைத்தார். எனக்கு அது அமிர்தமாக இருந்தது.

வந்த காரணத்தைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கோடையும் நாங்கள் நாலைந்து பேர் ரொறன்ரோவில் இருந்து வடக்கே ரோபமோரிக்குப் போய், ஹூரன் ஏரிக்குள் மூழ்கிக் கிடக்கிற கப்பல்களை வீடியோ எடுக்கிறோம். அதே கப்பல், அதே பக்கம், அதே தூரம், வருடா வருடம். என்ன இடிந்தது, என்ன ஒட்டியது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கு. இதை அம்மா ஊர்க்காரர் ஒருவரிடம் போனில் சொல்லப்போக, அவர், என்னிடமும் கொழும்புக் கடலில் எடுத்த படம் பதினாலு கசற் அலுமாரிக்குள் கிடக்குது, பிள்ளை வந்து பார்க்கட்டும் என்றிருக்கிறார். அலங்கார மீன் பிடித்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்களோடு எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சுழியோடியாக வேலை செய்தவர். சொந்தம் இல்லை, ஆனாலும் மாமாதான்.

பெப்ரவரி 8, சனி. தெஹிவளை

ஓட்டோவுக்கு 350 ரூபா. மாமா வீடு காலி வீதியில் இருந்து கடலுக்கு இறங்குகிற ஒழுங்கையில், தண்டவாளத்துக்கு முதல் வீடு. ரயில் போனால் சுவரில் படம் ஆடும். கேற்றுக்குப் பெயின்ற் அடித்து நிற்பதில்லை, உப்புக் காற்று உரித்துவிடுகிறது என்றார் மாமி. அந்தக் காற்றில்தான் அந்தக் கசற்றுகள் கிட்டத்தட்ட முப்பது வருடம் இருந்திருக்கின்றன.

பிஸ்கற் ரின்னைத் திறந்தபோதே மணம் அடித்தது. பழைய வீடியோக் கமெராவில் போடுகிற ஹை8 கசற், உள்ளங்கை அகலம்தான் இருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் சுற்றின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக மாவு தூவியதுபோல் பூஞ்சணம். இப்படியே போட்டு ஓட்டினால் அந்தத் தூள் கமெராவுக்குள் நாடாவைப் படிக்கிற தலையில் ஒட்டும், படமும் போகும், மெசினும் போகும், அடுத்துப் போடுகிற கசற்றுக்கும் பரவும். அதனால் முகக்கவசம் போட்டுக்கொண்டு முற்றத்தில் இருந்து, ஒவ்வொரு கசற்றாகத் திருகாணி கழற்றி, ஸ்பிரிட் தொட்ட பஞ்சில்லாத் துணியால் ஓரத்தைத் துடைத்தோம். மாமாவுக்குக் கை நடுங்குகிறது, ஆனால் திருகாணியை மட்டும் என்னைத் தொட விடவில்லை. துடைத்த கசற்றுகளை மாமியின் சோற்றுப் பெட்டி ஒன்றில் அடுக்கி, ஈரம் இழுக்கிற சிலிக்கா பைக்கற்று நான் கொண்டுவந்தது முழுவதையும் அதற்குள் போட்டேன். இதை நினைவில் வையுங்கள், வியாழக்கிழமை தேவைப்படும்.

பதினாலில் பதினொன்று தேறும்போல் இருந்தது. ஒன்றிலும் பெயர் இல்லை, திகதி இல்லை. ஒன்றில் மட்டும் "மூன்றாவது" என்று பேனையால் எழுதியிருந்தது, எதில் மூன்றாவது என்று மாமாவுக்கே நினைவில்லை.

மத்தியானம் மாமி பாரை மீன் குழம்பு வைத்தார். சாப்பிட்டபின் மடிக்கணினியில் எங்கள் ஏரிப் படங்களைக் காட்டினேன். முதலில் ஸ்வீப்ஸ்ரேக்ஸ். 1867இல் கட்டிய பாய்மரக் கப்பல், 1885இல் அடிபட்டு ரோபமோரித் துறைக்குள் இழுத்துவரப்பட்டு அங்கேயே தாழ்ந்தது. வெறும் ஆறு மீட்டர் ஆழம். முன்பக்கத்தில் நங்கூரம் இழுக்கிற மர உருளை இன்றைக்கும் அப்படியே நிற்கிறது. மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"என்ன பிள்ளை, மரத்தைப் புழு அரிக்கேல்லையோ?"

வல்வெட்டித்துறையில் பிறந்தவர். தங்கள் ஊரில் கட்டி 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போன அன்னபூரணியின் கதையோடு வளர்ந்தவர், மரக்கலத்துக்கு எது எமன் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. நன்னீரில் கப்பல் புழு இல்லை, குளிரும் அழுகலை மெதுவாக்கும், அதனால் 140 வருடம் கழித்தும் நிற்கிறது என்று சொன்னேன். 1813இல் ஒன்ராறியோ ஏரியில் ஒரே இரவுப் புயலில் கவிழ்ந்த ஹமில்டன், ஸ்கேர்ஜ் என்ற இரண்டு போர்க் கப்பல்கள் 90 மீட்டர் ஆழத்தில் பாய்மரம் நிமிர்ந்தபடி நிற்பதையும் சொன்னேன். சாதாரணச் சுழியோடிகள் இறங்க முடியாத அந்த ஆழத்துக்கு 1982இல் கமெரா இறங்கியபோது முகப்பில் செதுக்கிய உருவங்கள்கூட அப்படியே இருந்தன. மாமா தலையை மட்டும் ஆட்டினார். எங்கடை கடல் அப்படி விடாது என்றார் கொஞ்சம் கழித்து.

எங்கள் ஏரியும் இப்போது விடுவதில்லை. எண்பதுகளின் கடைசியில் கப்பல்களின் சமநிலைத் தண்ணீரோடு கருங்கடல் பக்கத்துச் சிறு சிப்பிகள் வந்து சேர்ந்தன. இன்றைக்கு ஹூரனில் ஆழத்தில் கிடக்கிற கப்பல்களில் பலகை தெரிவதில்லை, சிப்பிமேல் சிப்பி. பாரம் தாங்காமல் பலகை பெயர்கிறது. 2023இல் இந்தச் சிப்பிகளைப் பற்றியே ஆவணப்படம் எடுக்கப் போன இருவர் தண்ணீருக்குள் ரோபோ கமெரா இறக்கியபோது, 1895இல் பதினொரு பேரோடு காணாமல் போன ஆபிரிக்கா என்ற நீராவிக் கப்பல் அகப்பட்டது. கப்பலா கல்மலையா என்று தெரியாத அளவுக்குச் சிப்பி மூடியிருந்தது. நாங்கள் அவசரமாகப் படம் எடுப்பது இதனால்தான்.

பெப்ரவரி 9, ஞாயிறு. தெஹிவளை

பழைய டிஜிட்டல்8 கமெரா ஒன்றை ரொறன்ரோவில் தேடி வாங்கிக் கைப்பையில் கொண்டுவந்திருந்தேன், அதில் ஹை8 ஓடும். முதல் கசற்றைப் போட்டோம். பச்சை. பிறகு இன்னும் கொஞ்சம் பச்சை. அதற்குள் இருந்து மெல்ல ஒரு வளைந்த இரும்பு வந்தது, மாமா நாற்காலியில் முன்னுக்கு வந்துவிட்டார். படத்தின் மூலையில் திகதி: 1990 ஜனவரி 1. இரண்டாவது கசற்றிலும் 1990 ஜனவரி 1. கமெராவின் சின்னப் பற்றறி செத்ததால் ஒவ்வொரு முறை போடும்போதும் அதே நாளில் இருந்து தொடங்கியிருக்கிறது.

பதினொன்றரைக்குக் கரண்ட் போனது. கசற் உள்ளே மாட்டியபடி கமெரா நின்றது, அதன் பற்றறியும் வேலை செய்யாது. முதலில் எங்கள் வீதி மட்டும் என்று நினைத்தோம், பிறகு பார்த்தால் நாடு முழுவதும். பாணந்துறையில் துணைமின் நிலையத்துக்குள் ஒரு குரங்கு போனதுதான் காரணம் என்று பின்னேரம் போனில் செய்தி வந்தது. மின்விசிறி இல்லாத பெப்ரவரி மத்தியானம் எப்படி இருக்கும் என்று நான் மறந்தே போயிருந்தேன். பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா மதிலுக்கு மேலால் ஒரு செவ்விளநீரை நீட்டி, கனடாவில் இருந்து வந்த பிள்ளைக்கு என்றார். காசு வாங்கவில்லை.

மாமா கதைக்கத் தொடங்கினார். படம் ஓடிக்கொண்டிருந்தபோது இரண்டு சொல் பேசாதவர், திரை அணைந்ததும் மூன்று மணித்தியாலம் நிறுத்தவில்லை. வலை கிழிகிற இடத்தில்தான் கப்பல் இருக்கும் என்று மீனவர்கள் சொல்லித்தான் எல்லாம் தெரியும் என்றார். கரையில் எந்தக் கோபுரத்துக்கு நேரே எந்தத் தென்னை வரவேண்டும் என்று இரண்டு கோடு பிடித்து, கல் கட்டிய கயிறு போடுவார்களாம். ஒரு கப்பலில் கார்கள் அடுக்கியபடி கிடந்ததையும், ஒரு நாள் கார் ஒன்றின் பின் இருக்கையில் பெரிய களவா மீன் ஆள் இருப்பதுபோல் இருந்ததையும் கையால் காட்டிக் காட்டிச் சொன்னார். 1917 பெப்ரவரியில் ஜேர்மன் கப்பல் வூல்ஃப் இரகசியமாக வைத்துவிட்டுப் போன கண்ணிவெடியில் சிக்கி வூஸ்ரர்ஷயர், பேர்சியஸ் என்று இரண்டு கப்பல்கள் நாலு நாள் இடைவெளியில் கொழும்புக்கு வெளியே தாழ்ந்தன, அவற்றில் தான் இறங்கியதில்லை என்றார்.

நான் போனில் குரலைப் பதிவு செய்துகொண்டே இருந்தேன், பற்றறி 4 வீதத்துக்கு வரும்வரை. அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. கசற்றில் இருப்பது பாதிப் படம், மற்றப் பாதி இந்த மனிதர். அவருக்கு 74 வயது.

பெப்ரவரி 10, திங்கள். கொள்ளுப்பிட்டி, காலிமுகத்திடல்

பெட்டி வந்துவிட்டது. ஒரு லைற்றின் பிடி உடைந்திருந்தது, புறக்கோட்டையில் ஒரு தம்பி அலுமினியப் பட்டையால் 600 ரூபாவுக்குப் புதுப் பிடி செய்து தந்தான், பழையதைவிட உறுதி.

தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனேன், ஒரே ஒரு கல்லுக்காக. 1409ஆம் ஆண்டு என்று பொறித்து, சீனத் தளபதி செங் ஹ கொண்டுவந்த மும்மொழிக் கல், சீனம், தமிழ், பாரசீகம். 1911இல் காலியில் அகப்பட்டது. தமிழ்ப் பகுதி தேவுந்தறைக் கோயில் தெய்வம் தேனவரை நாயனாருக்குக் கொடுத்த காணிக்கையைப் பட்டியல் போடுகிறது: பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய். கிட்டப் போய்ப் பார்த்தால் சில எழுத்து தேய்ந்து விரல் தடம்போல் இருக்கிறது. ஆனால் யார், எந்த ஆண்டு, யாருக்கு, என்ன என்று எல்லாம் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மூலையில் 1990 ஜனவரி 1 என்று மின்னுகிற கசற்றை நினைத்துக்கொண்டு கனநேரம் நின்றேன்.

பின்னேரம் காலிமுகத்திடலில் இஸ்ஸோ வடை, இரண்டு 300 ரூபா. இறால் மேலே முழுசாக, மொறுமொறுவென்று, வெங்காயமும் காரச் சாறும் ஊற்றி. காற்றில் பேப்பர் பறக்க, கடைக்கார அண்ணர் எழுந்து ஓடிப் பிடித்துத் தந்தார். இரவு ஒன்றரை மணித்தியாலம் மின்வெட்டு.

பெப்ரவரி 11, செவ்வாய். பம்பலப்பிட்டி, தெஹிவளை

தைப்பூசம். பெரியம்மாவோடு காலையில் கதிரேசன் கோயில், நெரிசலில் ஒருவர் காலில் மிதித்துவிட்டு இரண்டு முறை மன்னிப்புக் கேட்டார். அப்புறம் நேரே மாமா வீடு.

இன்று ஆறாவது கசற்றில் நடந்ததை எழுதத்தான் நித்திரை கொள்ளாமல் இருக்கிறேன்.

கார்க் கப்பல் அது. பதினெட்டு நிமிடம், ஒரு காரின் முன்பக்கம், கூரை முழுசாக, ஸ்ரியரிங் தெளிவாகத் தெரிகிறது. பிறகு மேலே வருகிறார்கள், கமெராவை நிறுத்த மறந்து படகின் தட்டில் வைத்துவிடுகிறார்கள். படத்தில் ஒரு பச்சை வாளியின் பாதியும் யாரோ ஒருவரின் முழங்காலும். நான் முன்னே ஓட்டப் போனேன். மாமா கையைப் பிடித்தார். படகில் ரேடியோ. என்ஜின் சத்தத்துக்கு நடுவே சிங்கள வர்ணனை, ஜயசூரிய, ஜயசூரிய என்று, பிறகு நாலைந்து பேர் ஒரேயடியாகக் கத்துகிறார்கள்.

"இது இங்கிலாந்தோடை விளையாடின மச் பிள்ளை! ஃபைசலாபாத்!"

1996 உலகக் கிண்ணக் காலிறுதி. மார்ச் 9. ஜயசூரிய 44 பந்தில் 82 ஓட்டம் அடித்த நாள். மாமா எழுந்து நின்றுவிட்டார், மாமி குசினியில் இருந்து ஓடிவந்தார். அந்தப் படகில் இருந்த மூன்று பேரின் பெயரையும் குரலை வைத்தே சொன்னார், ஒருவர் இப்போது இல்லை. இருபத்தொன்பது வருடமாக எந்த நாள் என்று தெரியாமல் கிடந்த படத்துக்கு நாள் கிடைத்தது ஒரு ரேடியோவால், அதுவும் யாரோ நிறுத்த மறந்ததால்.

எனக்கு ஒரு பக்கம் சந்தோசம், ஒரு பக்கம் வயிற்றைப் பிசைந்தது. ஹூரனில் நான் ஏழு வருடமாக எடுத்த எல்லாப் படத்திலும் சத்தத்தை வெட்டி எறிந்திருக்கிறேன். குமிழிச் சத்தம் எதற்கு என்று. படகில் ஏறுமுன் நாங்கள் கதைத்தது, கப்ரன் தண்ணீர் எத்தனை பாகை என்று கத்தியது, எல்லாம் போச்சு. ஆழமும் திகதியும் தனியாக ஒரு கோப்பில் எழுதி வைத்திருக்கிறேன்தான், ஆனால் கோப்பு ஒரு இடத்தில், படம் ஒரு இடத்தில். மாமாவின் "மூன்றாவது" என்ற பேனை எழுத்து போலத்தான் அதுவும் ஒரு நாள் ஆகும்.

பெப்ரவரி 12, புதன். வெள்ளவத்தை

நவம் போயா, பௌத்தர்களின் பௌர்ணமி நாள். படகுக்காரர் போயாவில் கடலுக்குப் போவதில்லை. ஆறாவது கசற்றில் கார் நன்றாகத் தெரிகிற ஒரு காட்சியை எடுத்து நேற்று இரவே அச்சடித்து, பிளாஸ்ரிக் உறை போட்டு வைத்திருந்தேன், 180 ரூபா. தண்ணீருக்குள் அதைப் பிடித்துப் பார்த்து அதே கோணத்தில் எடுக்க வேண்டும். மற்றபடி வெயில், நித்திரை, பலாக்காய்க் கறி.

பெப்ரவரி 13, வியாழன். கல்கிசை

காலை ஆறரைக்குக் கடற்கரை. இரண்டு முறை இறங்க 28,000 ரூபா, சிலிண்டரும் படகும் சேர்த்து. படகுக்கார ஐயா என்னை நங்கி, தங்கச்சி என்றுதான் கூப்பிட்டார், மாமாவின் பெயரைச் சொன்னதும் அவர் முகமே மாறிவிட்டது. வெளியே போகும்போது வடக்கே கையைக் காட்டி, அங்கேதான் அந்தக் கப்பல் எரிந்தது என்றார். 2021 மே 20இல் தீப்பிடித்து ஜூன் 2இல் தாழத் தொடங்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள், 1,486 கொள்கலனோடு. கரையெல்லாம் பிளாஸ்ரிக் மணி ஒதுங்கி, கன நாள் வலை போட விடவில்லையாம். அந்தப் புகையைக் கொழும்பில் போன் வைத்திருந்த எல்லோரும் எடுத்தார்கள், அவருடைய போனிலும் இருக்கிறது, மகளின் பிறந்தநாள் படங்களுக்கு நடுவில். அதை வேறு எங்காவது போட்டு வையுங்கள் ஐயா என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன்.

குதிக்குமுன் கமெராவைப் போட்டு, சத்தமாக, இன்றைய திகதி, நேரம், கப்பல், யார் யார் இறங்குகிறோம், கடல் எப்படி என்று தமிழில் சொன்னேன். படகுக்கார ஐயா தானும் ஒருமுறை சிங்களத்தில் சொன்னார்.

முதல் முறை முழுவதும் போச்சு. கரையில் ஈரக் காற்றோடு உறையை மூடியிருக்கிறேன், தண்ணீர் அதைவிடக் குளிர், பத்து மீட்டரில் கண்ணாடி உள்ளுக்குள் வியர்த்து எல்லாம் வெள்ளை. சிலிக்கா பைக்கற் ஒன்று இருந்திருந்தால் போதும். அத்தனையும் மாமியின் சோற்றுப் பெட்டிக்குள். மேலே வந்ததும் ஐயா தன் சாப்பாட்டுப் பையில் இருந்து ஒரு பிடி பச்சையரிசியைத் துணியில் முடிந்து தந்தார். உறையைத் துடைத்து, அதை மூலையில் வைத்து மூடினேன்.

இரண்டாவது முறை தெளிவு. 28 பாகைத் தண்ணீர், ரோபமோரியில் ஆழத்தில் விரல் விறைத்து பொத்தான் அமத்த முடியாமல் தவித்தவளுக்கு இது சொர்க்கம். 30 மீட்டரில் சிவப்பு நிறம் என்று ஒன்று கிடையாது, லைற்றைத் திருப்பினால்தான் திடீரென்று துருவும் பவளமும் எரிகிற மாதிரி வரும். நீரோட்டம் இழுத்தது. காரைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போய்விட்டது, அச்சடித்த படத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, பின்னால் நிற்கிற இரும்புத் தூணை வைத்துத்தான் இடம் பிடித்தேன். கூரை இல்லை. 1996இல் முழுசாக இருந்த கூரை உள்ளே மடிந்து விழுந்து, அதன்மேல் மென்பவளம் கை அகலத்துக்கு. ஸ்ரியரிங்கின் வளையம் கால்வாசிதான் மிச்சம், அதைச் சுற்றிச் சின்ன மீன்கள். மெதுவாக, ஒரு படம் அடுத்த படத்தின்மேல் பெரும்பகுதி படியும்படி, மூன்று வரிசை எடுத்தேன், பிறகு கணினியில் முப்பரிமாணமாகக் கட்டுவதற்கு. பக்கத்தில் அளவுகோல் வைத்து. அடியில் கிடைத்தது பதினொரு நிமிடம். மேலே ஏறும்போது களவா மீன் ஏதும் இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன், இல்லை.

கரையில் ஒரு கடையில் பிளேன்ரீயும் மீன் வைத்த மாலு பாணும், 170 ரூபா. கை கால் எல்லாம் உப்பு.

பெப்ரவரி 14, வெள்ளி. தெஹிவளை

இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினேன். மாமா கூரை விழுந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, திரையில் விரலை வைத்து, இதாலைதான் நான் உள்ளே கை விட்டனான் என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் கழித்து காலிக் கதை வந்தது. 1659இல் காலித் துறைமுகத்தில் தாழ்ந்த ஒல்லாந்தர் கப்பல் அவொன்ட்ஸ்ரரை வருடக்கணக்காக அகழ்ந்து எடுத்த பொருட்களில் பலதை, 2004 சுனாமி ஆய்வுகூடத்தோடு சேர்த்துத் திரும்பக் கடலுக்கே கொண்டுபோனது. எடுத்து வைத்தாலும் போகும் பிள்ளை, படத்தை ரெண்டு மூண்டு இடத்திலை வை என்றார். ஒரு பிரதி அவர் மகனிடம், ஒன்று என்னிடம், ஒன்று வேறு நாட்டில் ஒரு சேமிப்பில் என்று முடிவு செய்தோம். தேறாத மூன்று கசற்றையும் எறியவில்லை, ரொறன்ரோவுக்குக் கொண்டுபோகிறேன்.

விமானம் இரவுக்கு. மிச்சம் இருந்த நேரத்தில் ஒவ்வொரு படத்துக்கும் அவர் குரலைச் சேர்க்கத் தொடங்கினோம். சின்ன மைக்கைச் சட்டையில் குத்தினேன். ஆறாவது கசற். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, இண்டைக்கு ரெண்டாயிரத்து இருபத்தைஞ்சு, பெப்ரவரி பதினாலு, தெஹிவளையிலை என்ரை வீட்டிலை இருந்து கதைக்கிறன் என்று தொடங்கினார். அதற்குள் பாணந்துறைப் பக்கம் போகிற ரயில் வந்து சுவரெல்லாம் ஆடத் தொடங்கியது. ரயில் போகுமட்டும் பொறுக்கவோ என்று கையால் கேட்டார்.

வேண்டாம் மாமா, அதுவும் இருக்கட்டும் என்றேன்.